1022-லிருந்து 13 போனால்

மே மாதத்தில் ஜில்லிடும் கை

வேலைக்கான நேர்முகத் தேர்வோ, கல்லூரி வைவாவோ, மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கும் கூடமோ, எதுவாகவும் இருக்கட்டும். கதவுக்கு வெளியே காத்திருப்பவரின் கையைப் பிடித்துப் பாருங்கள், ஜில்லென்று இருக்கும். சென்னையில், மே மாதத்தில், மின்விசிறி இல்லாத வராந்தாவில்கூட அப்படித்தான். உள்ளங்கை வேர்த்திருக்கும். நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டும். காலையில் சாப்பிட்ட இரண்டு இட்லி நெஞ்சுக்குக் கீழே கல்லாக உட்கார்ந்திருக்க, அடிவயிறு மட்டும் கலக்கும். உள்ளே கூப்பிட்டு 'உங்க பேர் என்ன?' என்று கேட்டால், வெளியே வரும் குரல் வேறு யாருடையதோபோல் இருக்கும்.

உள்ளே இருப்பவர்கள் யாரும் கம்போடு உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு மேசை, மூன்று பேர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், தட்டில் பிஸ்கட். மிஞ்சிப்போனால் அவர்கள் 'சரி, நீங்க போகலாம்' என்று சொல்வார்கள். அதற்கு ஏன் கை குளிர வேண்டும்? வாய் உலர்ந்தால் பேச்சு இன்னும் குளறத்தானே செய்யும்? உதவிக்கு வர வேண்டிய நேரத்தில் உடம்பு காலை வாரிவிடுவது ஏன்?

வீட்டிலும் அலுவலகத்திலும் நாம் டென்ஷன் என்று சொல்வதை இங்கே மன அழுத்தம் என்று எழுதுகிறேன். மாதக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் போகும் நோய் வேறு. அதன் பெயர் மனச்சோர்வு.

பூனை மிரண்டால் நின்றுபோகும் வயிறு

எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் வால்டர் கானன் என்ற மாணவருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள்: விழுங்கிய உணவு வயிற்றுக்குள் எப்படிப் போகிறது என்று எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும். வெறும் ரொட்டி எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் பிஸ்மத் என்ற உலோகத்தின் உப்பைக் கலந்து பூனைக்குக் கொடுத்தார். இரைப்பை அலை அலையாகச் சுருங்குவது திரையில் நிழலாகத் தெரிந்தது. ஆனால் சில நேரம் அந்த அலை திடீரென்று நின்றுவிடும். கருவியில் கோளாறு என்று விட்டுவிடாமல் கானன் பூனையைக் கவனித்தார். பூனை மிரண்டு திமிறும்போதெல்லாம் இரைப்பை நின்றது. தடவிக்கொடுத்துச் சமாதானப்படுத்தியதும் மறுபடி அசையத் தொடங்கியது.

இதைப் பின்தொடர்ந்து போன கானன், 1915-இல் வெளியிட்ட நூலில் இந்த மாற்றங்களுக்கெல்லாம் ஒரே விளக்கம் தந்தார். ஆபத்து என்று மூளை முடிவு கட்டிவிட்டால், உடம்பு இரண்டில் ஒன்றுக்குத் தயாராகிறது: மோதுவது அல்லது ஓடுவது. இரண்டுக்குமே கை கால் தசைகளுக்கு ரத்தம் வேண்டும். எனவே இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு கூடுகிறது, கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகிறது. உடனடியாகத் தேவைப்படாத இடங்களுக்கு ரத்தம் போவதை உடம்பு குறைக்கிறது. தோலுக்கு அடியில் ஓடும் சிறு ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. அடிபட்டாலும் ரத்தம் குறைவாகத்தான் போகும் என்பது இதில் ஒரு லாபம். வெதுவெதுப்பான ரத்தம் விரல் நுனிக்கு வராததால் கை ஜில்லிடுகிறது. அதன்மேல் வியர்வை வேறு. செரிமானம் தள்ளிப்போடப்படுவதால் எச்சில் வற்றுகிறது, இட்லி அப்படியே நிற்கிறது. பெருங்குடலின் சங்கதி மட்டும் நேர்மாறு, அது வேகமெடுக்கிறது. அடிவயிறு கலக்குவது அதனால்தான்.

இதையெல்லாம் சில விநாடிகளில் செய்து முடிப்பவை நம் விருப்பத்தைக் கேட்காமல் இயங்கும் நரம்புகள். பாடநூல்களில் பரிவு நரம்புகள் என்று படித்திருப்பீர்கள். வேலையை வைத்து முடுக்கும் நரம்புகள் என்று வைத்துக்கொள்வோம். இவற்றின் ஏவலில், சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளின் உட்பகுதி அட்ரினலினைக் கொட்டுகிறது. எதிர் வேலை செய்யும் இன்னொரு கூட்டம் உண்டு, தணிக்கும் நரம்புகள். அவற்றைப் பின்னால் நாடியில் கையை வைத்தே சந்திக்கப்போகிறோம்.

ஆக, வராந்தாவில் கை குளிர்ந்தவரின் உடம்பில் கோளாறு எதுவும் இல்லை. எதிரே புலி வந்தால் செய்ய வேண்டிய ஏற்பாடுகளை அது குறையின்றிச் செய்திருக்கிறது. மூன்று பேரும் ஒரு பிஸ்கட் தட்டும் எப்படிப் புலியானார்கள் என்பதுதான் கேள்வி.

மெதுவாக வரும் இரண்டாவது ஆள்

அதற்கு முன் அட்ரினலினுக்குப் பின்னால் நிதானமாக வரும் இன்னொரு பொருளைப் பார்த்துவிடுவோம். மூளையின் அடிப்பக்கத்தில் உள்ள ஹைப்போதலாமஸ், பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரிக்கு ஒரு வேதித் தகவல் அனுப்புகிறது. பிட்யூட்டரி ரத்தத்தின் வழியாக இன்னொரு தகவல் அனுப்புகிறது. அது அட்ரினலின் வெளிப்பகுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் கார்ட்டிசால் சுரக்கிறது. கை மாறிக் கை மாறி வருவதால், பயம் தொடங்கி 20, 30 நிமிடம் கழித்தே அதன் அளவு உச்சத்துக்குப் போகும்.

கார்ட்டிசாலை ஏதோ விஷம்போல் எழுதும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தினமும் காலையில் கண்விழித்த அரை முக்கால் மணி நேரத்தில் பெரும்பாலானவர்களுக்குக் கார்ட்டிசால் ஏறும். படுக்கையைவிட்டு எழுந்து வேலை பார்க்க அது வேண்டும். அது சுரக்காமல் போனால் உயிருக்கே ஆபத்து. மூச்சுத் திணறலோடு வருபவருக்கு ஆஸ்பத்திரியில் போடும் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியில் இருப்பதும் இதே பொருள்தான்.

ஆபத்து நேரத்தில் அதன் வேலை செலவுக்குச் சர்க்கரை எடுத்துக் கொடுப்பது, அழற்சியை அடக்குவது, பழுதுபார்ப்பு, வளர்ச்சி போன்ற நீண்டகால வேலைகளைத் தள்ளிவைப்பது. போதுமான அளவு சுரந்ததும் அதுவே மூளைக்குப் போய், தன்னைச் சுரக்கவைத்த உத்தரவை நிறுத்துகிறது. மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மிதவை மேலே வந்து மோட்டாரை நிறுத்துமே, அப்படி. மிதவை ஒழுங்காக இருக்கும்வரை ஒரு நாளைக்கு நாலு தடவை மோட்டார் ஓடினாலும் வீட்டுக்குச் சேதமில்லை.

டிரியர் நகரத்து அறை

மன அழுத்தத்தை ஆராய்பவர்களுக்கு ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. ஆய்வுக்கூடத்தில் அதை எப்படி உண்டாக்குவது? யாரையும் துன்புறுத்தக் கூடாது. திகில் படம் போட்டால் ஒருவர் நடுங்குவார், இன்னொருவர் சிரிப்பார். ஜெர்மனியில், லக்சம்பர்க் எல்லையை ஒட்டி, டிரியர் என்று ஒரு பழைய ரோமானிய நகரம் இருக்கிறது. கார்ல் மார்க்ஸ் பிறந்த ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கிளெமன்ஸ் கிர்ஷ்பாமும் அவருடைய சகாக்களும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து 1993-இல் வெளியிட்டார்கள். ஊசி இல்லை, மின்அதிர்ச்சி இல்லை. மூன்று பேர், ஒரு மேசை, ஒரு கேமரா.

நீங்களே அந்த ஆய்வுக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கொஞ்ச நேரம் சும்மா உட்காரவைத்து, பஞ்சுச் சுருளை வாயில் அடக்கச் சொல்லி எச்சில் எடுப்பார்கள். கார்ட்டிசால் எச்சிலிலும் வரும் என்பதால் ரத்தம் எடுக்கத் தேவையில்லை. பிறகு ஓர் அறைக்குள் அழைத்துப் போவார்கள். மேசைக்குப் பின்னால் முகத்தில் சலனமே இல்லாத மூன்று பேர். 'நீங்கள் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள். அதற்கு ஏன் நீங்கள்தான் பொருத்தமானவர் என்று இவர்கள் முன்னால் 5 நிமிடம் பேச வேண்டும். உங்கள் நடத்தையைக் கவனித்துக் குறிப்பெடுப்பதில் இவர்கள் பயிற்சி பெற்றவர்கள். பேச்சு வீடியோவில் பதிவாகும்' என்று சொல்வார்கள். தயார்செய்ய 10 நிமிடம், காகிதம், பென்சில் எல்லாம் உண்டு. ஆனால் எழுதிய குறிப்பைப் பேசும்போது பார்க்கக் கூடாது.

பேசத் தொடங்குகிறீர்கள். ஒருவரும் தலையாட்டவில்லை, புன்னகை இல்லை. படித்தது, செய்தது எல்லாம் மூன்று நிமிடத்தில் தீர்ந்துபோகிறது. நிறுத்தினால் ஒருவர், 'இன்னும் நேரம் இருக்கிறது, தொடருங்கள்' என்கிறார். ஏதோ சேர்த்துச் சொல்கிறீர்கள். மறுபடி நிறுத்தினால் பதிலே இல்லை, 20 விநாடி மூன்று பேரும் உங்களையே பார்க்கிறார்கள்.

அடுத்த 5 நிமிடம் கணக்கு. 1022-லிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே போக வேண்டும், வாய்விட்டு, வேகமாக, பிழையில்லாமல். 1009, 996, 983, 970... ஒரு தடவை தவறினால், 'நிறுத்துங்கள். 1022' என்பார் ஒருவர். திரும்பவும் முதலிலிருந்து.

இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருப்பவர் முன்னால் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். தனியாகச் செய்தால் ஆறாம் வகுப்புக் கழித்தல். ஒருவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தால், 957-க்கு அப்புறம் 944-ஆ 946-ஆ என்று நாக்கு தடுமாறும்.

முடிந்ததும் இடைவெளி விட்டு விட்டு மறுபடி எச்சில் எடுக்கிறார்கள். பங்கேற்றவர்களின் கார்ட்டிசால், தொடக்கத்தில் இருந்ததைவிட இரண்டிலிருந்து நான்கு மடங்குவரை ஏறியிருந்தது. ஆறு தனித்தனி ஆய்வுகளில் இதே கதை. அதன்பிறகு உலகம் முழுக்கப் பல ஆய்வுக்கூடங்கள் இந்த முறையைக் கையாள்கின்றன.

கால வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். கார்ட்டிசால் உச்சத்தில் இருப்பது கணக்கில் தவறும்போது அல்ல. அறையைவிட்டு வெளியே வந்து, தண்ணீர் குடித்து, 'விட்டது சனியன்' என்று உட்கார்ந்த பிறகுதான் உச்சம். பழைய அளவுக்கு இறங்க இன்னும் ஒரு மணி நேரம்போல் ஆகும். அலுவலகத்தில் ஐந்தரைக்கு மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஆறே காலுக்கு வீட்டில் நுழைந்து, டம்ளரைக் கீழே போட்ட குழந்தையிடம் எரிந்துவிழும் அப்பாவையோ அம்மாவையோ நமக்குத் தெரியும். டம்ளருக்கு அதில் பங்கு குறைவு.

நாலு பேரும் ஒரு பூட்டிய கதவும்

டிரியர் அறையில் எது வேலை செய்தது? பேச்சா, கணக்கா, ஆட்களா? அதே பேச்சையும் கணக்கையும் யாருமில்லாத அறையில் செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். கார்ட்டிசால் பெரிதாக அசையவில்லை. 2004-இல் சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமெனி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், அதுவரை ஆய்வுக்கூடங்களில் நடந்த 208 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசினார்கள். கடினமான வேலை கொடுப்பதால் மட்டும் கார்ட்டிசால் ஏறவில்லை. இரண்டு விஷயங்கள் கூடும்போதுதான் அதிகமாக ஏறியது, இறங்கவும் அதிக நேரம் எடுத்துக்கொண்டது. ஒன்று, பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்பது. இன்னொன்று, என்ன செய்தாலும் விளைவு நம் கையில் இல்லை என்பது.

முதலாவதை நாம் அறிவியல் இல்லாமலே அறிவோம். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த நாலு பேரின் பலம் தெரியும். கூட்டமாக வாழ்ந்தே பிழைத்த விலங்கு மனிதன். கூட்டத்தில் மதிப்பிழந்தால் சோற்றுக்கும் காவலுக்கும் வழியில்லாமல் போயிருக்கும். முகத்தைக் கடுகடுவென்று வைத்திருக்கும் மூன்று பேரைப் புலிக்கு இணையாக மூளை நடத்துவது அந்தப் பழைய கணக்கின்படிதான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

இரண்டாவது அவ்வளவு வெளிப்படையானது அல்ல. அதைக் காட்டும் ஒரு சோதனையை டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் இருவரும் 1972-இல் நூலாக வெளியிட்டார்கள். ஆட்களை உட்காரவைத்து வேலை கொடுத்து, நடுநடுவே காதைப் பிளக்கும் சத்தம் போட்டார்கள். தட்டச்சுப் பொறி, நகலெடுக்கும் இயந்திரம், ஸ்பானிஷில் இருவர் பேச்சு, அர்மீனிய மொழியில் ஒருவர் பேச்சு எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்த சத்தம். ஒரு பிரிவினருக்கு மட்டும் பக்கத்தில் ஒரு பொத்தான். 'தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும். அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது' என்றார்கள். பெரும்பாலானோர் அழுத்தவில்லை. இரு பிரிவினரும் கேட்டது ஒரே சத்தம். ஆனால் அதற்குப் பிறகு அச்சுப்பிழை திருத்தும் வேலை கொடுத்தபோது, பொத்தான் வைத்திருந்தவர்கள் குறைவாகவே கோட்டைவிட்டார்கள். விடையே இல்லாத புதிர்களைக் கொடுத்தபோது சீக்கிரம் கைவிடாமல் முயன்றுகொண்டிருந்தார்கள். நிறுத்த முடியும் என்ற நினைப்பு மட்டுமே இவ்வளவு வித்தியாசம் செய்திருக்கிறது.

பெரிய பதவியில் இருப்பவருக்குத்தான் டென்ஷன் அதிகம், அதனால் மாரடைப்பும் அதிகம் என்று நெடுநாள் ஒரு நம்பிக்கை இருந்தது. 1967-இல் பிரிட்டனில் வைட்ஹால் அரசு அலுவலகங்களில் சுமார் 18,000 ஆண் ஊழியர்களைப் பின்தொடரத் தொடங்கினார்கள். ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பின் மைக்கேல் மார்மட் குழுவினர் கணக்குப் பார்த்தால், இதய நோயால் இறந்தவர்களின் விகிதம் உயர் அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களிடம் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. புகைபிடித்தல், ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கழித்த பிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி மிஞ்சியது. 1985-இல் தொடங்கிய இரண்டாவது வைட்ஹால் ஆய்வில் பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் சொல் இல்லாதவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று அதில் தெரியவந்தது. அதிகாரிக்கும் வேலை அதிகம்தான். ஆனால் அவர் மேசையில் பொத்தான் இருக்கிறது.

மிதவை மாட்டிக்கொண்டால்

தேர்வு, சண்டை, அவசர வேலை எல்லாம் வந்து போகும். ஏறிய கார்ட்டிசால் இறங்கிவிடும். கெடுதல் தொடங்குவது இறங்காமல் நிற்கும்போதுதான். கடன், மாமனார் படுத்த படுக்கை, எந்த நேரமும் போகலாம் என்ற நிலையில் வேலை. இவற்றில் புலி எங்கும் போவதில்லை, வாசலிலேயே படுத்திருக்கிறது. மனிதனுக்கு இன்னொரு திறமையும் உண்டு. நடந்து முடிந்ததையும் இனி நடக்கப்போவதையும் ராத்திரி இரண்டு மணிக்கு நினைத்துப் பார்த்தே மோட்டாரைப் போட்டுவிட முடியும்.

பழுதுபார்ப்பு தள்ளிப்போகும் என்றேன் அல்லவா? அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் 1998-இல் அதை நேரிலேயே காட்டினார்கள். 11 பல் மருத்துவ மாணவர்களின் மேலண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு புண் ஏற்படுத்தினார்கள், கோடை விடுமுறையின்போது. பிறகு மறுபக்கத்தில் அதே அளவில் இன்னொன்று, பெரிய தேர்வுக்கு மூன்று நாள் முன்பு. தேர்வுக்காலப் புண் ஆற 40 சதவீதம் அதிக நாள் எடுத்தது. 11 பேரில் ஒருவருக்குக்கூட விடுமுறையில் ஆறிய வேகத்தில் ஆறவில்லை. ஆட்கள் குறைவுதான், ஆனால் ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஒப்பீடு என்பதால் இதற்கு எடை உண்டு.

இப்படி நீளும் மன அழுத்தத்தை அனுபவிப்பவரே கடைசியாகத்தான் கண்டுகொள்கிறார். மெல்ல மெல்லக் கூடுவதால் அதுவே வழக்கமாகிவிடுகிறது. உடம்பு மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கும். தூங்கிப்போனாலும் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து அதன்பின் தூக்கம் வராது. காலையில் எழும்போது தாடை வலிக்கும். ராத்திரி பல்லை நறநறவென்று கடித்ததைப் பக்கத்தில் படுத்தவர் சொல்லித்தான் தெரியும். பிடரி இறுகும், மாலையானால் தலையைச் சுற்றிப் பட்டை கட்டினாற்போல் வலி. மாதவிலக்கு தள்ளிப்போகும். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் சந்தேகம் வரும். பசியில்லாமலே முறுக்கு டப்பா காலியாகும். இவற்றில் எதற்கும் வேறு காரணம் இருக்கலாம், தைராய்டும் சர்க்கரையும் இதே வேஷத்தில் வரும். எனவே சில வாரம் நீடித்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. வீட்டில் இருப்பவர், 'முன்னெல்லாம் நீ இப்படிக் கத்த மாட்டியே' என்று சொன்னால், கோபப்படாமல் குறித்துக்கொள்ள வேண்டிய தகவல் அது.

ஒரு பழைய பழியையும் இங்கே திருத்த வேண்டும். டென்ஷனால் அல்சர் வரும் என்று பல தலைமுறை நம்பியது. பெரும்பாலான வயிற்றுப் புண்களுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் வலி மாத்திரைகளும். பாக்டீரியாவைக் கண்டுபிடித்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் கிடைத்தது. மன அழுத்தம் புண்ணை ஆறவிடாமல் செய்யலாம். ஆனால் தியானம் செய்தால் அல்சர் போய்விடும் என்று மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

நாடியில் கை வைத்துப் பாருங்கள்

முடுக்கும் நரம்புகளை நம்மால் நேரடியாக அணைக்க முடியாது. 'டென்ஷன் ஆகாதே' என்று யாராவது சொல்லி யாருக்காவது டென்ஷன் குறைந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் நாமாகவும் நடத்தலாம், தானாகவும் நடக்கும் என்ற இரட்டைக் குணம் மூச்சுக்கு உண்டு. அதன் வழியாக உள்ளே நுழையலாம்.

இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, வலது கையின் இரண்டு விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். அவசரமில்லாமல் ஆழமாக மூச்சை இழுங்கள். துடிப்பு கொஞ்சம் நெருங்கி வரும். இப்போது மெதுவாக, வாயைக் குவித்து விடுங்கள். துடிப்புகளுக்கு இடையில் இடைவெளி கூடுவதை விரல் உணரும். இளம் வயதினருக்கு இது துல்லியமாகத் தெரியும். மூச்சு வெளியேறும்போதெல்லாம் மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் தணிக்கும் நரம்பின் கை ஓங்குகிறது. எனவே வெளிமூச்சை நீட்டுவதுதான் உத்தி: மனத்துக்குள் விநாடிக்கு ஒன்றாக நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட்டால், நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். வராந்தாவில் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில் யாருக்கும் தெரியாமல் செய்யலாம். கடனை இது அடைக்காது. குளிர்ந்த கையைக் கொஞ்சம் மீட்டுத் தரும், அவ்வளவே.

டிரியர்க்காரர்கள் செய்த இன்னொரு சோதனையில்தான் எனக்கு அதிக நம்பிக்கை. 20 ஆண்களை அதே மேசை முன்னால் ஐந்து நாள் தொடர்ந்து நிறுத்தினார்கள். முதல் நாள் எல்லோருக்கும் கார்ட்டிசால் எகிறியது. இரண்டாம் நாளிலிருந்தே 13 பேருக்கு ஏற்றம் நன்றாகக் குறைந்துவிட்டது. நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, கண்ணாடி முன்னால் பேசிப் பார்ப்பது போதாது என்பது. கண்ணாடி யாரையும் எடைபோடுவதில்லை. சித்தப்பா, பக்கத்து வீட்டு டீச்சர், கல்லூரி சீனியர் என்று மூன்று பேரை உட்காரவைத்து, சிரிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, இரண்டு மூன்று தடவை பேசிப் பாருங்கள். அந்த மூன்று பேர் கிடைப்பது கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கடினம். பள்ளிகளும் நூலகங்களும் இதை ஏற்பாடு செய்து கொடுத்தால் பல பயிற்சிப் புத்தகங்களைவிடப் பயன்படும்.

படபடப்பை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதும் கணக்கில் வருகிறது. அமெரிக்காவில் ஒரு நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவர்களில் ஒரு பிரிவினரிடம் மட்டும், 'படபடப்பு வந்தால் பயப்படாதீர்கள், அது நன்றாக எழுத உதவும்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். அவர்கள் கணிதப் பகுதியில் மற்றவர்களைவிட அதிக மதிப்பெண் எடுத்தார்கள்.

நடை, தூக்கம் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, இரண்டும் உதவும். 'டென்ஷனுக்கு ஒரு குவார்ட்டர்' மட்டும் உதவாது. சாராயம் சீக்கிரம் தூங்கவைத்து, பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்து, அதே மூன்று மணிக்கு எழுப்பிவிடும்.

பொத்தானைக் கொடுக்க வேண்டியவர்கள்

மன அழுத்த மேலாண்மை என்று நிறுவனங்கள் நடத்தும் வகுப்புகளில் என் மனக்குறை ஒன்று உண்டு. சுவரில் சூரிய உதயப் படம், அரை மணி நேரத் தியானம், கடைசியில் சமோசா. நாளைக்கு எந்த ஷிஃப்ட் என்பது இன்று ராத்திரி பத்து மணிக்குத்தான் வாட்ஸ்அப்பில் வரும் என்பதை யாரும் பேசுவதில்லை. கிளாஸ், சிங்கர் சோதனை சொல்வது, சத்தத்தைக் குறைக்க முடியாவிட்டாலும் பொத்தானைக் கொடுக்கலாம் என்பதுதான். அதற்குச் செலவு அதிகமில்லை. ஷிஃப்ட் பட்டியலை ஒரு வாரம் முன்னால் ஒட்டலாம். இரண்டு வேலைகளில் எதை முதலில் செய்வது என்பதைச் செய்பவரிடமே விடலாம். ஐசியு வாசலில் நாள் முழுக்க நிற்கும் உறவினரிடம், 'டாக்டர் நாலு மணிக்கு வந்து பேசுவார்' என்று நர்ஸ் ஒரு வார்த்தை சொன்னால், நோயாளியின் நிலை மாறாவிட்டாலும் அந்த நாலு மணிவரை அவர் கீழே போய் ஒரு டீ குடிக்கலாம்.

வீட்டிலும் இதே கணக்கை வைத்துப் பார்க்கலாம். படுத்த படுக்கையான மாமியாரை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கு, 'பொறுமையா இரும்மா' என்ற ஆறுதலைவிட, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டிலிருந்து பன்னிரண்டுவரை நாத்தனார் வந்துவிடுவார் என்ற உறுதி பெரிய மருந்து. வர வேண்டும், தவறாமல் வர வேண்டும். என்றைக்கு வருவார் என்றே தெரியாத உதவியால் மிதவை விடுபடாது.

டிரியரின் 20 பேரில் மிச்சம் 7 பேர் இருக்கிறார்கள். ஐந்தாம் நாளும் முதல் நாள்போலவே அவர்களுக்குக் கார்ட்டிசால் ஏறியது. கேள்வித்தாள்களில் அவர்கள் தம்மைப் பற்றித் தாழ்வாகவே எண்ணினார்கள், உடல் உபாதைகளும் அதிகம் சொன்னார்கள். பழகினால் சரியாகிவிடும் என்ற அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது, இன்னும் நாலு தடவை மேடையேற்றுவதும் உதவாது. இவர்களுக்கு உளவியல் ஆலோசனை தேவைப்படலாம். தூக்கமின்மை, பதற்றம், எதிலும் பிடிப்பின்மை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து அன்றாட வேலை கெட்டால், அல்லது உயிரை விட்டுவிடலாம் என்று ஒரே ஒரு தடவை தோன்றினாலும், யாராக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். மருந்து தேவைப்பட்டால், பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.